போலீஸ்காரன் விலாவில் ஒரு வாசல்

தாலி இல்லை என்பது தனக்கொடிக்குக் குழாயடியில்தான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம். வேலை முடிந்து கழுத்தைக் கழுவக் கையைக் கொண்டுபோனாள். கயிறு இல்லை. ரவிக்கைக்குள் பார்த்தாள். முந்தானையை உதறினாள். சிமெண்டுப் பொருக்குதான் உதிர்ந்தது.

பக்கத்தில் துர்கா காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாக்கா, பூரான் கீரான் பூந்துடுச்சா?"

தனக்கொடி மறுபடியும் முந்தானையை உதறினாள். துர்கா அவள் கழுத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"ஐயையோ."

"கத்தாத."

"மாமா ஆஸ்பத்திரில இருக்கற நேரத்துலயாக்கா?"

"அதான் சொல்றேன். கத்தாத."

தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்குள் தகரக் கொட்டகை போட்டு அந்த வேலை நடந்தது. கான்கிரீட்டில் ஆள் உயரப் பொம்மைகள் வார்த்தார்கள். கூடைக்காரி, மில் தறிக்காரன், சைக்கிள் ரிக்‌ஷாக்காரன், பெஞ்சில் உட்கார்ந்த மூன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள், உயரத் தொப்பி வைத்த போலீஸ்காரன். எல்லாவற்றையும் மிதவையில் ஏற்றிக்கொண்டுபோய்க் கடலுக்கடியில் நிறுத்துவார்கள். மூச்சுக்குழல் மாட்டி முங்குகிறவர்கள் போய்ப் பார்ப்பார்கள். மீன் குடியேறும். மாசி மாதமே பத்துப் பொம்மைகளை இறக்கிவிட்டார்கள். இது இரண்டாவது கட்டம்.

வேலைக்குச் சேர்ந்த அன்று, அதை நடத்துகிற ஹேமலதா மேடம் சொன்னது ஒன்றுதான். "வழவழன்னு பூசாதீங்க. சொரசொரப்பா விடுங்க. அப்பதான் சிப்பி ஒட்டும்." இருபத்திரண்டு வருஷம் வீட்டுச் சுவரை வழவழவென்று ஆக்குகிறவர்களுக்குக் கலவை சுமந்தவள் தனக்கொடி. அவளுக்கே அது கஷ்டமாக இருந்தது. கை தானாகத் தேய்க்கப் போகும். இழுத்துப் பிடித்துக்கொள்வாள்.

முந்தின நாள், திங்கட்கிழமை, ஆடிப்பதினெட்டு. வருஷா வருஷம் அன்று நாத்தனார் ராஜாம்பாள் வில்லியனூரிலிருந்து வந்து தாலிக்கயிற்றை மாற்றிக் கட்டுவாள். கல்யாணத்தன்று முதல் முடிச்சு மாப்பிள்ளை போட்டது, மற்ற இரண்டும் அவள் போட்டவை. இந்த வருஷம் அவளைக் கூப்பிடவில்லை. மூன்று மாதமாகப் பேச்சில்லை. தம்பி ராஜவேல் கழுத்தில் கட்டி என்று தெரிந்த அன்று ராஜாம்பாள் வீட்டு வாசலில் நின்று கேட்டாள்: "பக்கத்துலயே படுக்கற. கழுத்து வீங்கினது உன் கண்ணுக்குத் தெரியலியா?" தெருவே கேட்டது. தனக்கொடி கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதனால் திங்கட்கிழமை விடியலில் கண்ணாடி முன் நின்று அவளே கட்டிக்கொண்டாள். புதுக்கயிறு, மஞ்சள் வழுக்கல். முன்னால் முடிச்சுப் போட்டுப் பின்னால் திருப்பிவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் காப்பி கொண்டுபோகிற அவசரம்.

மேஸ்திரி ஆதிமூலத்திடம் துர்காதான் போய்ச் சொன்னாள். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"காலைல இருந்துச்சா?"

"பஸ்ஸுல இருந்துச்சு. தொட்டுப் பாத்தேன்."

"மத்தியானம்?"

"தெரியல மேஸ்திரி."

மூன்று பேரும் மணலைச் சல்லடையில் போட்டுச் சலித்தார்கள். ஆடிக்காற்று மணலை முகத்தில் அடித்தது. கழுவின தண்ணீர் ஓடுகிற வாய்க்காலைத் துழாவினார்கள். காலிச் சிமெண்டுப் பைகளை உதறினார்கள். இருட்டியது.

"இங்க இல்லன்னா ஒரு எடந்தான் பாக்கி," என்றார் ஆதிமூலம்.

அன்றைக்கு வார்த்தது கூடைக்காரியும் போலீஸ்காரனும். பைபர் அச்சு இரண்டு பாதி. படகு போல மல்லாத்திப் போட்டு, குனிந்து, கையாலேயே கலவையை அப்பி அழுத்த வேண்டும். நாலு விரற்கடை கனம். அப்புறம் இரண்டு பாதியையும் சேர்த்து போல்ட்டு முடுக்குவார்கள். உள்ளே வெற்றிடம்.

போலீஸ்காரனின் முன்பாதியை வார்த்தவள் தனக்கொடி. முதல் தடவையாக மேஸ்திரி கரணையை அவள் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார்.

*

புதன்கிழமை காலை அச்சைப் பிரித்தார்கள். போலீஸ்காரன் வெளியே வந்தான். மீசை, பொத்தான், இடுப்புப் பெல்ட், தொப்பியின் விளிம்பு எல்லாம் பிசிறில்லாமல் விழுந்திருந்தன.

"நல்லா வந்திருக்கானே," என்றார் ஆதிமூலம். பிறகு எதற்காகப் பிரித்தோம் என்பது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டார்.

துறைமுக கேட் செக்யூரிட்டி நெடுமாறனைத் துர்கா கூட்டிவந்தாள். ஆட்களைத் தடவிப் பார்க்கிற கருவி அவர் கையில் இருந்தது.

"இரும்பு இருந்தா இது கத்திக்கினே கெடக்குமே. உள்ள கம்பி கட்டலியா?"

"கம்பியே கெடையாதுண்ணே," என்றாள் துர்கா. "உப்புல துரு ஏறி வெடிச்சுடுமாம். கண்ணாடி நார்ல பண்ண கம்பிதான்."

நெடுமாறன் கருவியைத் தட்டினார். உடனே கத்தியது.

"உங்க பெல்ட்டுண்ணே."

அவர் பெல்ட்டைக் கழற்றித் துர்காவிடம் கொடுத்து, பேண்ட்டை இடது கையால் பிடித்துக்கொண்டார். கூடைக்காரியை மேலிருந்து கீழாகத் தடவினார். கூடை, இடுப்பு, கொசுவம். சத்தமில்லை. போலீஸ்காரனிடம் வந்தார்.

"சார், கையத் தூக்குங்க."

யாரும் சிரிக்கவில்லை. அவரும் முகத்தை மாற்றிக்கொண்டு தடவினார். இடப்பக்க விலாவில், பெல்ட்டுக்கு ஒரு சாண் மேலே, கருவி கத்தியது. எடுத்தார், நின்றது. வைத்தார், கத்தியது.

தனக்கொடி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஹேமலதா ஆபீஸ் அறையிலிருந்து வந்தாள். இருபத்தெட்டு வயசிருக்கும். கடல் படிப்புப் படித்தவள். மேஸ்திரி சொன்னதைக் கேட்டாள்.

"உடைச்சிடலாம்கா. வேற ஒண்ணு வார்த்துக்கலாம். நான் ஆபீஸ்ல சொல்லிக்கிறேன்."

மேஸ்திரி சம்மட்டியை எடுத்துவரச் சொன்னார். தனக்கொடி போலீஸ்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம் மேடம்."

"என்னக்கா?"

"நல்லா வந்திருக்கு."

"நாளைக்கு மாமாவுக்கு ஆபரேசன்க்கா," என்றாள் துர்கா.

"தெரியும்."

"தாலி உள்ள மாட்டிக்கினு கெடக்குது. பொம்மை நல்லா வந்திருக்காம்," என்றார் ஆதிமூலம். ஆனால் சம்மட்டியைக் கீழே வைத்தார். போலீஸ்காரனைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "மேடம், மீனுக்கு முதுகுல ஓட்டை வுடறோமில்ல. அதே மாதிரி விலாவுல ஒண்ணு போட்டா?"

"கோர் மிஷின் வெச்சா?"

"வட்டமா அறுத்து எடுத்துடலாம். உருளையா வந்துடும். அதை ஒடைச்சிக்கலாம்."

ஹேமலதா யோசித்தாள். "இன்னொரு வாசல் இருந்தா மீனுக்கு நல்லதுதான். இன்னைக்கே போடலாமா?"

"இன்னைக்கா? பொலபொலன்னு உதிர்ந்துடும். பச்சை ஒடம்பு. ஆறு நாளு தண்ணி வுடணும்."

எல்லோரும் தனக்கொடியைப் பார்த்தார்கள். அவள் எழுந்து, சாக்கை நனைத்து, போலீஸ்காரன் மேல் போர்த்தினாள்.

*

ராஜவேல் இருபது வருஷம் மில்லில் தறி ஓட்டினவன். தறிச் சத்தத்தில் பேசிப் பேசித் தொண்டை அப்படி ஆகிவிட்டது. முதலியார்பேட்டை வீட்டில் அவன் உப்புக் கேட்டால் தெருமுனையில் படுத்திருக்கிற நாய் எழுந்து நிற்கும். மில் மூடியபிறகு சேதராப்பட்டில் அட்டைப்பெட்டி கம்பெனிக்குப் போனான். அங்கே சத்தம் இல்லை. "ஏன்யா கத்துற?" என்று சூப்பர்வைசர் தினம் கேட்பான்.

கட்டி கழுத்தில், குரல்வளைக்குப் பக்கத்தில். உயிருக்குப் பயமில்லை என்றார் டாக்டர். குரல் நரம்பு ஒட்டிப் போகிறது, குரல் மாறலாம், போகவும் போகலாம், எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார். கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றும் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலை கதிர்காமம் ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். தனக்கொடி முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துப் போர்த்தியிருந்தாள். உள்ளே ஒரு மஞ்சள் கயிறு, அதில் ஒரு துண்டு விரலிமஞ்சள்.

"என்னா போத்திக்கினு?" என்று கேட்டான் ராஜவேல். நடைக்கூடம் முழுக்கத் திரும்பியது.

"ஏசி."

"ஏசியா? இங்க பேனே ஓடல." அதற்குள் கதவு மூடிக்கொண்டது.

பெஞ்சில் மகள் சிந்துஜாவும் அவளும் உட்கார்ந்தார்கள். பத்து மணிக்கு ராஜாம்பாள் வந்தாள். கையில் பிளாஸ்க், ஒரு தூக்கு. சிந்துஜாதான் போன் பண்ணியிருக்கிறாள். ராஜாம்பாள் சிந்துஜாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

"சாப்டியா பாப்பா?"

"இல்ல அத்தை."

"கூழு இருக்குது. அம்மனுக்கு ஊத்தினது. உங்கம்மாவுக்கும் குடு."

சிந்துஜா டம்ளரை நடுவில் வைத்தாள். தனக்கொடி எடுத்துக் குடித்தாள். வெங்காயம் பல்லில் நறுக்கென்றது. இரண்டு நாளில் அவள் வாய்க்குள் போன முதல் ருசி.

அரை மணி நேரம் போயிற்று.

"அவளுக்குக் குளிருதாமா?" என்று சிந்துஜாவிடம் கேட்டாள் ராஜாம்பாள்.

"இல்ல அண்ணி," என்றாள் தனக்கொடி.

"பின்ன வேர்த்துக் கொட்டுது, துணியச் சுத்திக்கினு இருக்க?"

தனக்கொடி முந்தானையை இன்னும் இழுத்துக்கொண்டாள். ராஜாம்பாள் எழுந்து வந்தாள். முந்தானையை விலக்கினாள். மஞ்சள் துண்டைப் பார்த்தாள்.

"எங்க?"

"போலீஸ்காரன் வயித்துல."

"என்னாது?"

தனக்கொடி சொன்னாள். கண்ணாடி, புதுக்கயிறு, அச்சு, கருவி, ஆறு நாள் கெடு. முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை ராஜாம்பாள் நின்றுகொண்டே இருந்தாள்.

"உடைக்கறேன்னு சொன்னாங்களா, இல்லியா?"

"சொன்னாங்க."

"நீதான் வேணாம்னியா?"

"நானே செஞ்சது அண்ணி. மொத தடவ. நல்லா வந்துடுச்சு." பிறகு மஞ்சள் துண்டைப் பிடித்துக்கொண்டாள். "அது தப்பா? உள்ள அவருக்கு ஏதாச்சும் ஆயிட்டா..."

"வாய மூடு." ராஜாம்பாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "யாரு போட்ட முடிச்சு அது?"

"நாந்தான்."

"உனக்கு முடிச்சு போடத் தெரியுமா? நீ கட்டின புடவையே நாலு ஊக்குல நிக்குது. இருபத்தஞ்சு வருசமா நான் போட்டது ஒண்ணாச்சும் அவுந்துச்சா?"

"இல்ல."

"கூப்பிடல நீ."

"நீங்க வரல."

"கூப்பிடாம எப்பிடிடி வருவேன்? தம்பி வூடுதான்னு நானா வந்து நின்னா, நீ கதவச் சாத்துவ."

"நீங்க தெருவுல நின்னு அப்பிடிக் கேட்டீங்க."

"கேட்டேன்." ராஜாம்பாள் மூடிய கதவைப் பார்த்தாள். "எனக்கு மட்டும் தெரிஞ்சுதா? தை மாசம் வந்தேன். பக்கத்துல ஒக்காந்து சோறு துன்னேன். எனக்குந்தான் தெரியல."

அவள் தனக்கொடியின் கழுத்திலிருந்து கயிற்றை அவிழ்க்கப் போனாள். அவிழ்க்க வேண்டியிருக்கவில்லை. இழுத்ததும் வந்தது.

"பாத்தியா? இதுவும் போயிருக்கும்."

"அண்ணி, இங்கயா?"

"எந்த எடமா இருந்தா என்னா. திரும்பு." கயிற்றைச் சுற்றினாள். "மொத முடிச்சு அவன் போடறது. அவன் உள்ள கெடக்கறான். அவனுக்காவவும் நானே போடறேன்." முடிச்சு இறுகுவது பிடரியில் தெரிந்தது. "ரெண்டு. மூணு. இப்ப இழு, பாப்பம்."

தனக்கொடி இழுத்துப் பார்த்தாள். நின்றது.

"இன்னும் என்னா மூஞ்சி? நகை எங்க இருக்குது? போலீசு காவல்லதான இருக்குது. நம்ம வூட்டு பீரோவ விட அது பத்திரம்."

சிந்துஜா முதலில் சிரித்தாள். பிறகு தனக்கொடி சிரித்தாள். நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்து, இது ஆஸ்பத்திரியம்மா என்றாள்.

மத்தியானம் டாக்டர் வந்தார். கட்டியை முழுசாக எடுத்தாயிற்று, நன்றாக இருக்கிறார் என்றார். குரலைப் பற்றி ராஜாம்பாள் கேட்டாள். கொஞ்ச நாள் போகட்டும், ஒன்றரை மாசத்துக்குக் கத்தக் கூடாது, மெதுவாகப் பேசிப் பழகட்டும் என்றார்.

சாயங்காலம் ராஜவேல் கண் விழித்தான். வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. தனக்கொடி அவன் உதட்டில் கை வைத்தாள். அவன் சிந்துஜாவின் போனை வாங்கி, ஒற்றை விரலால் தட்டிக் காட்டினான்.

*அக்கா வந்துச்சா.*

*

செவ்வாய்க்கிழமை ராஜாம்பாளும் வேலையிடத்துக்கு வந்தாள். வேண்டாமென்று சொல்லியும் கேட்கவில்லை. போலீஸ்காரனைக் கீழிருந்து மேலாகப் பார்த்தாள்.

"எங்க தெருவுல பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்த சொல்தா ஒருத்தர் இருந்தாரு. அதே மீசை."

"செவப்புத் தொப்பிம்மா அது," என்றார் ஆதிமூலம். "பெயிண்டு அடிக்கக் கூடாதுன்னுட்டாங்க. கடலே கலர் போடுமாம்."

நெடுமாறன் திரும்பவும் தடவிக் காட்ட, ஆதிமூலம் சாக்பீஸால் வட்டம் போட்டார். வட்டம் சின்னது. ஒரு விரற்கடை தவறினால் மிஷின் பல் தங்கத்தின் மேல் ஏறும். மிஷினை விலாவில் வைத்துக் கட்டினார்கள். துர்கா தண்ணீர் விட்டாள். பல் கடித்தது. சாம்பல் பால் வழிந்தது. தனக்கொடி காதைப் பொத்திக்கொண்டாள். ராஜாம்பாள் அவள் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

மிஷின் உள்ளே போய் இலேசானது. ஆதிமூலம் நிறுத்தி, உருளையை வெளியே இழுத்தார். பக்கத்தில் மஞ்சளாக ஒரு நூல் துருத்திக்கொண்டிருந்தது. பல் கயிற்றை அறுத்திருந்தது.

சுத்தியலைத் தனக்கொடியிடம் கொடுத்தார்.

நாலு தட்டு. உருளை இரண்டாகப் பிளந்தது. இரண்டு தாலிப் பொட்டும் இருந்தன. ஒன்று இலேசாக வளைந்திருந்தது. தங்கக் குண்டுமணி மூன்று.

"நாலு இல்ல?" என்றாள் ராஜாம்பாள்.

நெடுமாறன் ஓட்டையின் ஓரத்தில் கருவியை வைத்தார். கத்தியது.

"இன்னும் உள்ள இருக்குது. இன்னொரு வட்டம் போடலாமா?"

ஆதிமூலம் தனக்கொடியைப் பார்த்தார். அவள் பொட்டைப் புடவையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கட்டும் மேஸ்திரி. ஒரு வாரம் பத்திரமா வெச்சிருந்தான்."

ராஜாம்பாள் மடியிலிருந்து புதுக்கயிற்றை எடுத்தாள். வீட்டிலேயே மஞ்சள் தேய்த்துக் காயவைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

*

கட்டியில் ஒன்றுமில்லை என்று பத்தாவது நாள் ரிப்போர்ட் வந்தது. தனக்கொடி அன்று கருவாட்டுக் குழம்பு வைத்தாள். ராஜவேல் மூன்று தடவை போட்டுக்கொண்டான். நல்லாயிருக்கு என்று வாயசைத்தான்.

குரல் வரவில்லை. மூச்சாகப் பேசினான். தெருமுனை நாய் எழுந்திருப்பதை மறந்துவிட்டது. தனக்கொடி சமையல் செய்யும்போது அவன் பின்னால் வந்து நிற்பது தெரியாமல் திடுக்கிட்டாள். வீட்டில் தட்டு வைக்கிற சத்தமெல்லாம் பெரிசாகக் கேட்டது.

ஆபரேசன் முடிந்து ஆறாவது வாரம், பொம்மைகளை மிதவையில் ஏற்றுகிற நாள். கடல் அலையில்லாமல் கிடந்தது. ராஜவேல் அக்காவுடன் வந்து கயிறு கட்டிய எல்லைக்கு இந்தப் பக்கம் நின்றான். ஹேமலதா போனில் ஒரு படம் காட்டினாள். மாசியில் இறக்கின தறிக்காரன். தோளெல்லாம் சிப்பி. கைக்கு நடுவில், தறி இருக்க வேண்டிய இடத்தில், கோடு போட்ட மீன்கள் கூட்டமாக நின்றன. அந்தப் பொம்மைக்கு எப்படி நிற்க வேண்டும் என்று நின்று காட்டியவன் ராஜவேல்.

அவன் ராஜாம்பாள் காதில் ஏதோ மூச்சுவிட்டான். அவள் சிரித்தாள்.

"என்னம்மா சொல்றாரு?" என்று கேட்டாள் ஹேமலதா.

"மில்லு மூடினப்புறம் இந்தத் தறிக்காரன் ஒருத்தனுக்குத்தான் நல்ல வேலை கெடைச்சிருக்காம்."

கிரேன் போலீஸ்காரனைத் தூக்கியது. தூக்குகிற பெல்ட்டு இரண்டு, ஒன்று அக்குளில், ஒன்று இடுப்பில். தனக்கொடி கீழே நின்று, அவன் சுழலாமல் இருக்கக் கயிற்றைப் பிடித்திருந்தாள். அண்ணாந்து பார்த்தாள். விலா ஓட்டைக்குள், முதுகு ஓட்டை வழியே வானம் தெரிந்தது. எஞ்சின் இரைந்தது. அவன் ஆள் உயரத்துக்கு மேல் போனபோது இடுப்புப் பெல்ட்டு மெல்ல வழுக்கியது. அவள் நின்ற பக்கத்திலிருந்து அது தெரியாது. கிரேன்காரன் மிதவையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏய்! நிறுத்து! பெல்ட்டு நழுவுது! தனம், தள்ளிப் போ!"

கிரேன் நின்றது. தனக்கொடி கயிற்றை விட்டுவிட்டு ஓடினாள். போலீஸ்காரன் ஒரு பக்கம் சாய்ந்து, அக்குள் பெல்ட்டில் தொங்கினான். ஆதிமூலம் கையைக் காட்ட, மெதுவாகக் கீழே இறக்கினார்கள். மணலில் நின்றான். ஒரு கீறல் இல்லை.

அப்போதுதான் எல்லோரும் திரும்பினார்கள். கத்தினது யாரென்று கிரேன்காரன் எட்டிப் பார்த்தான்.

ராஜவேல் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். தகரத்தைக் கல்லில் இழுத்தது போல இருந்தது அந்தச் சத்தம். பழைய குரல் இல்லை. ஆனால் எஞ்சினைத் தாண்டி வந்தது.

"கத்தாதன்னு டாக்டரு சொன்னாரில்லடா!" ராஜாம்பாள் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அங்கேயே கையை வைத்திருந்தாள்.

தனக்கொடி ஓடிவந்து அவன் எதிரில் நின்றாள். மூச்சு வாங்கியது.

"இன்னொரு தடவ சொல்லு."

"என்னா சொல்றது?"

"எதுனா."

அவன் யோசித்தான். போலீஸ்காரனுக்குப் புதுப் பெல்ட்டு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"டீ குடிக்கலாமா?" என்றான்.

கேட் பக்கத்தில் படுத்திருந்த நாய் எழுந்து நின்றது.